அத்தை வீட்டுச் சீர் அலுமாரி

அப்பா எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கும் சொந்தபந்தங்களான நீங்கள் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எதிர்பார்ப்பீர்கள். அவை இருக்கின்றன. கூடவே, குடும்பத்தில் பல வருஷமாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு பொய்யையும் மூத்த மகள் என்ற உரிமையில் திருத்த வேண்டியிருக்கிறது. அம்மாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பரா ஒன்றில் அப்பா பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமாகிவிட்டார். தம்பியும் தங்கையும் படிக்க வேண்டும் என்பதற்காக அப்பா தன் படிப்பை விட்டுவிட்டு ஹட்டனில் ஒரு மரத் தளபாடக் கடையில் சேர்ந்தார். பொலிஷ் வேலை அங்கேதான் கைக்கு வந்தது. அந்தக் கடையை மூடியபோது, இறுதிச் சடங்குகள் நடத்திக்கொடுக்கும் மலர்ச்சாலையின் முதலாளி கூப்பிட்டுக்கொண்டார். சவப்பெட்டிகளுக்குப் பொலிஷ் போடுவதும், லொறியில் ஏற்றி இறக்கும்போது விழும் கீறல்களைச் சரிசெய்வதும் அப்பாவின் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்கு, அதாவது எங்கள் அத்தைக்கு, கல்யாணம் செய்துவைத்தார். அந்தப் பணத்துக்குத் தீட்டு உண்டென்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது வரும் பெட்டியானாலும் அலுமாரியானாலும் முழுத் தேக்கு கிடையாது. தூள் பலகையின் மேல் மெல்லிய தேக்குத் தோல் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். வெனீர் என்பார்கள், அப்பாவுக்கு அது தோல்தான். கீறல் விழுந்தால் உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்ப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தோல் தேய்ந்துவிட்டால் அடியில் இருக்கும் தூள் பலகை பல்லைக் காட்டும், பிறகு எந்தக் கொம்பனாலும் சரிசெய்ய முடியாது. அப்பா முதலில் நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் தட்டவில்லை என்றால் கீறல் பொலிஷோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். தேயிலைத் தூளைச் சுண்டக் காய்ச்சிய சாயத்தைப் பஞ்சில் தொட்டு, மரத்தின் ரேகை போகும் பக்கமாகவே இழுப்பார். காய்ந்த பிறகு லேசாகப் பொலிஷ், அதற்கு மேல் மெழுகு. மழை நாளில் அவசரப்பட்டால் பொலிஷ் வெள்ளை பூத்துவிடும். எங்கள் ஊரில் மழை இல்லாத நாள் எது? ஆகவே பொறுமைதான் பாதி வேலை.

பெட்டி எடுக்க வருகிறவர்களைப் பற்றி வீட்டில் சொல்லிச் சிரிப்பார். "உசுரோட இருக்கையில எட்டிப் பாக்காதவங்கதான் பெட்டியத் தடவித் தடவிக் கீறல் தேடுவாங்க."

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன். அத்தையின் மகளை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினியின் கல்யாணத்துக்குச் சீராக வாங்கிய அலுமாரியைப் படிக்கட்டில் தூக்கிவரும்போது இரும்புக் கேட்டில் இடித்து, கதவில் குறுக்கே நீளமாகக் கீறல் விழுந்துவிட்டது. அன்று பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் சீர் பார்க்க வருவதாக இருந்தது. அத்தையின் கணவரான மாமா அப்பாவுக்குப் போன் போட்டார். "மச்சான், ஒங்க கை பட்டா சரியாயிரும். ஒடனே வாங்க."

பலகாரம் சுட உதவிக்குப் போன நான் அங்கேதான் இருந்தேன். மதினி பிளவுஸ் எடுக்க ஹட்டனுக்குப் போயிருந்தார். வெளியே ஒரே மூட்டம். அப்பா ஒயர் போட்டு பல்பைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, அந்தச் சூட்டிலேயே பொலிஷைக் காயவைத்து வேலையை முடித்தார். எங்கே கீறல் இருந்தது என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் கை கழுவும்போது மாமா பின்னால் வந்து நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மச்சான். மாப்பிள்ளை வீட்டுல ஒங்க தொழில ஒரு மாதிரியா பேசுறாங்க. பொணப்பெட்டி தொடுற கையால மணவறையில மாலை எடுத்துக் குடுத்தா சகுனம் சரியில்லயாம். தாய்மாமனா ஒங்க தம்பியே நிக்கட்டுமே. நீங்க வராம இருந்தா ஒரு பேச்சும் வராது."

அப்பா துண்டில் கையைத் துடைத்தார். "புள்ளகிட்ட என்னா சொல்லுவீங்க?"

"அத நாங்க பாத்துக்கிறோம்."

அத்தை அடுப்படியில் இருந்தார். எல்லாம் காதில் விழுந்தது. தலையைத் தூக்கவில்லை. ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்பது சும்மா சொன்னதில்லை. மகளுடைய சீரைத் தொடலாம், மாலையைத் தொடக் கூடாது என்றால் அது என்ன சகுனமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மதினியிடம் அவர்கள் சொன்னது இதுதான்: சீரில் மாமனுக்கு மரியாதை குறைந்துவிட்டதாம், அந்த ரோசத்தில் வர மறுத்துவிட்டாராம். ஊர் முழுக்க அதையே சொன்னார்கள். கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன மதினி அப்பாவோடு பேசுவதை நிறுத்தினார். உண்மையைச் சொல்லிவிடும்படி அம்மா எத்தனையோ முறை சண்டை பிடித்தார். "அப்பன நம்பி வாழ்ற புள்ளகிட்ட அப்பனக் கொறச்சுச் சொல்லி என்னா ஆகப்போவுது" என்பதோடு அப்பா முடித்துக்கொள்வார். எனக்கு அப்பா மீதே ஆத்திரம் வரும்.

மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களில், கொழும்பிலிருந்து யாராவது வந்தார்களா என்று இரண்டொரு தடவை கேட்டார். யாரைக் கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியும்.

மதினி சாவுக்குத்தான் வந்தார். பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "என் கல்யாணத்துக்கு ஒரு எட்டு வந்திருக்கலாமே மாமா" என்று அழுதார். நான் வாய் திறப்பதற்குள் அத்தை என் கையைப் பிடித்து, "இப்ப ஒன்னும் பேசாத சாமி" என்றார். மதினியின் அப்பாவான மாமா வெளியே போய் மழை விட்டுவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா, "வருசம் திரும்பட்டும்" என்றார். திரும்பிவிட்டது.

பணம் எதுவும் வாங்காமல் பெட்டி கொடுத்த மலர்ச்சாலை முதலாளிக்கும், அதற்குத் தங்கள் கையாலேயே பொலிஷ் போட்ட அப்பாவின் கூட்டாளிகளுக்கும், சேற்றில் வழுக்காமல் தூக்கிப்போன தோட்டத்து இளைஞர்களுக்கும், எட்டாம் நாள் சடங்கு வரை எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய பக்கத்துச் சிங்களக் குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

மதினி, உங்கள் கோபம் நியாயமானது. அதை இனி அப்பா மேல் வைக்காதீர்கள். யார் மேல் வைக்க வேண்டுமோ, அவர் இதே மலரைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய திவசப் பந்தியில் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்.