முதல் சீன் அக்கா அடுப்பை அணைத்த கதை

பேய்ப் படம் என்றால் முதல் ஐந்து நிமிடத்தில் ஓர் உயிர் போயாக வேண்டும். போகிற உயிர் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பத்து வருடமாக அப்படிப் போய்க்கொண்டிருந்தவர்தான் முதல் சீன் அக்கா. படப்பிடிப்பில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினோரு படம், பதினோரு சாவு. ஒன்றில்கூட முகம் தெரிந்ததில்லை. கட்டிலுக்கு அடியில் நீட்டிய கால், தண்ணீர்த் தொட்டிக்கு வெளியே தொங்கிய கை, கொஞ்சம் தலைமுடி. "இதுல நீ எங்கே?" என்று நாத்தனார் கேட்டபோது, "அந்தக் கால்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தது. நாத்தனார் மூன்று நாள் சிரித்தார்.

பன்னிரண்டாவது படத்தில் முகத்துக்கு இடம் கிடைத்தது. சமையலறையில் தனியாகப் பால் காய்ச்சுகிறார்; பின்கதவில் சத்தம்; போய்த் திறக்கிறார்; அலறுகிறார். வயது நாற்பத்திரண்டு ஆகிவிட்டது. இதிலும் முகம் வராவிட்டால் நடிப்புக்கு ஒரு கும்பிடு என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

கணவருக்கு வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடும் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லும் ஒரே உபதேசம், "அடுப்பை அணைக்காம அந்தண்டை இந்தண்டை நகராதே" என்பதுதான்.

கேமரா ஓடியது. பின்கதவில் சத்தம் கேட்டது. அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். கை தானாக அடுப்பை அணைத்து, பாலை மூடி வைத்தது. அப்புறம்தான் கால் நகர்ந்தது.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, பின்வாசல்ல பேய் வந்து நிக்குது, நீ அடுப்பை அணைச்சிட்டிருக்கே?"

"பேய்னு எனக்கு எப்படி சார் தெரியும்? இன்னும் கதவே திறக்கலையே."

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டாவது டேக்கிலும் அதே கை, அதே அடுப்பு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அக்காவைப் பன்னிரண்டாவது சாவிலும் அது விடவில்லை. படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த வீட்டை மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும். மூன்றாவது டேக்குக்கு நேரமில்லை.

"இதை எடிட்டிங்ல தூக்கிடலாம். கதவுல ஒரு கை, அப்புறம் அலறல். அது போதும்," என்றார் இயக்குநர்.

மறுபடியும் ஒரு கை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று அக்கா வீட்டுக்கு வந்து அழுதார். விஷயத்தைக் கேட்ட கணவர் அன்று சாப்பிடவில்லை.

நான்கு மாதம் கழித்துப் படம் வந்தது. யாரையும் அழைக்காமல் பகல் காட்சிக்குத் தனியாகப் போனார். ஒரு கையைக் காட்டுவதற்கு உறவுக்காரர்கள் எதற்கு?

விளக்கு அணைந்ததும் திரை முழுக்க அவர் முகம். அக்கா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் இருந்தவர் அடுப்பை அணைத்தார். அரங்கம் கொல்லென்று சிரித்தது. அக்கா இருக்கைக்குள் குறுகிப்போனார். பாலை மூடி வைத்துவிட்டுத் திரையில் அவர் கதவை நோக்கி நடந்தபோது சிரிப்பு மெல்ல அடங்கியது. கடைசியில் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத பெண், இருட்டில் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சொன்னாள்: "வேணாம்மா, திறக்காதே."

தூக்கிவிடுவதாகச் சொன்ன காட்சி எப்படித் தப்பியது என்று மறுநாள் காலை அக்கா விசாரித்துக்கொண்டு எடிட்டரின் அறைக்குப் போனார். ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மாள். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். அதற்கே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க நல்லா இருக்கணும் மேடம்."

"நான் என்ன பண்ணேன்? வெட்டாம விட்டேன், அவ்வளவுதான். அதுக்கு டைரக்டரோட ரெண்டு நாள் மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. போறவ யாருன்னே தெரியாம யாரு பயப்படுவா? நீங்க அடுப்பை அணைச்சதும் எல்லாருக்கும் உங்களைத் தெரிஞ்சுபோச்சு."

அக்கா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு தடவை செத்திருக்கேன் மேடம். சாகாதேன்னு ஒருத்தி சொன்னது நேத்துதான்."