கையிருப்பு பற்றி நான் சொன்னது

நெல்லையிலிருந்து பாபநாசம் போகும் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. நான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் கேட்க நேரமில்லை. வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. அடிக்கடி சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, துண்டால் துடைத்துவிட்டு, திரும்ப வைத்துக்கொள்வார்.

வளைகுடாவில் சண்டை நடந்த வாரம் அது. யூடியூபில் பார்த்ததையெல்லாம் ராணுவத் தளபதி மாதிரி அவருக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். மலிவான டிரோனை வீழ்த்தக் கோடிக்கணக்கில் செலவாகும் ஏவுகணையை விடுகிறார்கள், எல்லாம் மக்களின் வரிப்பணம், ஏவுகணைக் கையிருப்பு வேகமாகக் கரைகிறது என்றேன். அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

சேரன்மகாதேவி தாண்டியதும் கேட்டார்: "அது தீந்துபோச்சுன்னா, வாரதெல்லாம் ஊருக்குள்ளதான விழும் அண்ணாச்சி?"

"பின்னே? தடுக்க ஒன்றும் இருக்காதே" என்றேன் உற்சாகமாக.

"எம் மவ அங்கனதான் நர்சா இருக்கா."

"அவ்வளவு சீக்கிரம் தீராது. நிறைய வைத்திருக்கிறார்கள்" என்று உளறினேன்.

அப்போது அவர் போன் அடித்தது. மகள்தான். "பக்கத்துல வெவரமான அண்ணாச்சி ஒருத்தர் இருக்காவ. வாரதத் தடுக்க நெறைய இருக்குன்னு சொல்லுதாவ. நீயே கேளு" என்று போனை என்னிடம் நீட்டினார்.

"நெசமாவா சார்?" என்றது களைத்த குரல்.

அத்தனை ஏவுகணைகளின் பெயரும் தெரிந்த நான், "சாப்பிட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். நான் சொன்ன இரண்டில் எதை நம்பினார் என்று தெரியவில்லை. எது உண்மை என்று அவர் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.