கோபால்ட் அக்காவின் எண்ணிக்கை

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அக்கா தன் குப்பியின் பக்கவாட்டில் காந்தக் கட்டையை அழுத்திப் பிடித்தபடி நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தாள். துகள்களெல்லாம் காந்தத்தின் பக்கம் ஒட்டி, கறுப்புத் திரவம் தெளிந்தபோது ஒன்பது ஆகியிருந்தது. பேராசிரியர் தலையசைத்தார். அன்று அவர் இரண்டு குப்பிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எது சீக்கிரம் ஒட்டுகிறதோ அது மருத்துவமனைத் திட்டத்துக்கு. அடுத்த மூன்று வருட வேலை அதைச் செய்தவருக்கு.

இரும்பு ஆக்சைடு நுண்துகள்களில், இரும்பு இருக்க வேண்டிய சில இடங்களில் வேறு உலோகத்தை ஏற்றுவதுதான் அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை. பதினோரு வருடமாக அவள் கோபால்ட்டைத் தவிர எதையும் ஏற்றியதில்லை. பெயரே கோபால்ட் அக்கா என்றாகிவிட்டது. கோபால்ட் ஏறிய துகள் ஒருமுறை காந்தமானால் லேசில் விடாது. அவளும் அப்படித்தான். யாராவது அவள் நாற்காலியை நகர்த்தினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

எதிர் மேசைக்காரி வந்து எட்டு மாதம்தான். அவள் ஏற்றுவது துத்தநாகம். "அந்த ஜிங்க்" என்பாள் அக்கா. ஆளையா உலோகத்தையா என்று யாரும் கேட்டதில்லை.

"ஜிங்க்குக்குன்னு சொந்தமா காந்தமே கிடையாதே சார். அது எப்படிக் காந்தத்தைக் கூட்டும்?" என்று அக்கா பேராசிரியரிடம் கேட்டாள்.

"துகளுக்குள்ள இரும்பு அணுக்கள்ல ஒரு கூட்டம் இந்தப் பக்கம் இழுக்குது, இன்னொண்ணு எதிர்ப்பக்கம். இது போய் எதிர்க்கூட்டத்தோட இடத்துல உக்காந்துக்குது. எதிர்ப்பு குறையுது, மொத்தம் கூடுது. அளவு மீறக் கூடாது, அவ்வளவுதான்."

"ஓ. இடம் புடிச்சே பேர் வாங்குது."

"வாங்கட்டுமே அக்கா," என்று எதிர் மேசைக்காரி சிரித்தாள்.

அக்கா காந்தத்தை எதிர் மேசைக்காரியின் குப்பிக்கு மாற்றினாள். "ஒண்ணுரெண்டுமூணுநாலு..." தெளிவதற்குள் பதினாறு.

"என்னோடதுக்கு மட்டும் ரயிலைப் புடிக்கப் போற மாதிரி எண்ணுறீங்களே அக்கா."

பேராசிரியர் இரண்டு குப்பிகளையும் குலுக்கிவிட்டு, காந்தத்தைத் தானே பிடித்துக் கைபேசியில் நேரம் பார்த்தார். கோபால்ட்டுக்குப் பதினான்கு விநாடி. துத்தநாகத்துக்கு எட்டு.

மறுநாள் அக்கா ஒன்பது மணிக்கு வந்தாள். முகவைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு ஸ்டோருக்குப் போனாள்.

"ஜிங்க் குளோரைடா? உங்க கூடத்துலயே ஒரு பாட்டில் இருக்கே, அந்த மேடம்கிட்ட," என்றார் ஸ்டோர்க்காரர்.

"எனக்குத் தனியா வேணும்."

அவர் பதிவேட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுப் பாட்டிலை எடுக்க உள்ளே போனார். அறையில் வேறு யாரும் இல்லை. இடக்கையால் மறைத்துக்கொண்டு 'ஜிங்க்' என்று எழுதினாள்.