சொல்பேச்சு கேட்காத சுண்டுவிரல்

அம்பத்தூரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் முதலில் நடந்தது. நானே அமைத்த மெட்டு, நானே வயலின். பாதியில் இடதுகைச் சுண்டுவிரல் தந்தியில் விழாமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. வலி இல்லை. வலித்திருந்தால் யாராவது நம்பியிருப்பார்கள்.

எங்கள் தொழிலில் விரல் தவறினால் ஒரே தீர்ப்புதான்: சாதகம் போதவில்லை. நானும் அதை நம்பித் தொலைத்தேன். கள்ளிக்குப்பம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதே இடத்தை நாள் முழுக்க வாசித்தேன். விரல் இன்னும் இறுகியது. இதைப் படிக்கும் வாத்தியக்காரர்களே, இந்த முட்டாள்தனத்தைச் செய்யாதீர்கள்.

நரம்பியல் மருத்துவர் 'ஃபோக்கல் டிஸ்டோனியா' என்றார் (ஒரே அசைவைப் பல வருடம் செய்ததில், விரலுக்கு மூளை தரும் கட்டளை குழம்பிப்போவது). வயலினைத் தொட்டால் மட்டும் வரும். அதே விரல் துணி பிழியும், தேங்காய் துருவும்.

"கொஞ்ச நாள் நிறுத்திடுங்க. பொழுதுபோக்குதானே மேடம்?"

இத்தனை வருடம் எங்களுக்குச் சோறு போட்டது அது. அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

முன்கையில் ஊசி போட்டார்கள் (இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்து). விரல் தொளதொளவென்று ஆனது; மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடி சுருண்டது. கர்த்தர் ஓய்வு கொடுத்திருக்கிறார் என்று சபையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அடுத்த முறை நான் கதவைத் திறக்கவில்லை.

என் கணவர் சாமுவேல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். "அதோட ஏன் மல்லுக்கட்டிகினு கீற? உட்டுடு. ஊட்ல நாலு பசங்களுக்கு சொல்லிக்குடு" என்றார்.

"உங்க கைய மெஷின் கடிச்சா, நீங்க ஊட்ல உக்காந்து லேத்து சொல்லிக்குடுப்பீங்களா?"

அன்று நான் சமைக்கவில்லை.

ஈஸ்டருக்கு நான் எழுதிய பாட்டில் வயலின் தனியாக வாசிக்கும் இடம் இருந்தது. அதை வேறொருத்தி வாசிப்பதைக் கேட்க என்னால் முடியாது. விரல் சுருளத் தொடங்குமுன் நிறுத்தச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். ஒரு ஸ்வரம், நிறுத்து. மறுபடி ஒரு ஸ்வரம். அப்படியும் சுண்டுவிரல் படியவில்லை. அது தொடவேண்டிய ஸ்வரங்களை எல்லாம் தாளில் நானே அடித்துவிட்டு, மூன்று விரலுக்கு மாற்றி எழுதினேன். என் பிள்ளையை நானே கிள்ளியது போல இருந்தது.

ஈஸ்டரன்று சபையில் வாசித்தேன். "பழையபடி ஆயிட்டீங்க, இன்னும் உருக்கமா கீது" என்றார்கள். அறையலாம் போலிருந்தது. அடித்துவிட்ட ஒவ்வொரு ஸ்வரமும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

முன்பெல்லாம் நான் நினைக்குமுன்பே விரல் அங்கே போயிருக்கும். இப்போது ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் ஒரு கணம் காத்திருக்கிறேன், இந்தக் கை வருமா என்று. கேட்பவர்களுக்கு அது தெரியாது. அந்தக் கணத்தில் என் கையை நான் வெறுக்கிறேன். வெறுத்துக்கொண்டேதான் வாசிக்கிறேன்.