சனிக்கிழமைக் கூட்டம்

கோ பெக்ஹா அக்காவின் மோட்டலில் அறை கேட்டுப் போகிறவர்கள் முதலில் ஒரு கண்ணாடியோடு பேச வேண்டும். தோட்டா துளைக்காத தடித்த கண்ணாடி, அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, உயரம் ஐந்தடிகூட இல்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து ரோஸ்மீட் வட்டாரத்தில் துப்பாக்கியும் திருட்டுமாக இருந்ததெல்லாம் பழைய கதை. இப்போது மோட்டலின் ஒரு பக்கம் முத்துத் தேநீர்க் கடை, மறு பக்கம் கண் ஆஸ்பத்திரி. "இன்னும் எதுக்கு அக்கா இந்தக் கண்ணாடி, எடுத்துடலாமே" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "எடுக்கறதுல உனக்கு என்ன அவசரம்?" என்றார். அதற்கப்புறம் பல மாதம் என்மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

என் பெயர் கியாட். அவர் மோட்டலுக்கு விரிப்பும் துண்டும் விற்கிறவன். எத்தனை வருஷம் போட்டால் என்ன, ஒவ்வொரு விரிப்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். போன தடவைத் துண்டைவிட இந்தத் தடவைத் துண்டு மெலிசு என்பார். நான் தைவானிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வந்ததே எல்லாம் ஓய்ந்த பிறகு. ராணுவச் சட்டம் போய், எதிர்த்துப் பேசியவர்களை ஊருக்குள் விடாத கறுப்புப் பட்டியல் போய், யார் வேண்டுமானாலும் ஊருக்குப் போகலாம் வரலாம் என்று ஆகியிருந்தது. அதனால் காட்டிக்கொடுக்க என்னிடம் எதுவும் கிடையாது என்று அவருக்குத் தெரியும். என்னைப் பாதி நம்பினார். மீதிப் பாதியைத் துண்டு கெடுத்துவிட்டது.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. எழுபதுகளில் அவர் புருஷனும் அவரும் இந்த மோட்டலை வாங்கினார்கள். தைவானில் ஆட்சியை எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத காலம் அது. பேச நினைத்தவர்கள் இங்கே பேசினார்கள். இங்கேயும் நிம்மதி இல்லை. படிக்க வந்த பிள்ளைகளுக்குள்ளேயே காசு வாங்கிக்கொண்டு ஊருக்குத் தகவல் அனுப்புகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பயந்து, ஊர்வலம் போகிறவர்கள் முகத்தை மூடிக்கொண்டு போவார்களாம். சனிக்கிழமைதோறும் அக்காவின் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த அறையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். அக்கா அரிசிச் சேமியா வதக்குவார், உப்பு முள்ளங்கி போட்டு முட்டை பொரிப்பார். அவர்கள் தின்றுகொண்டே விடுதலை பேசுவார்கள்.

அப்போதுதான் அவருடைய அம்மா ஊரில் படுத்த படுக்கையானார். அக்கா ஊருக்குப் போக அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது உங்களுக்கே தெரியும்" என்றார்களாம். அம்மா செத்துப் போனார். அக்கா துணி துவைக்கும் அறையில், மெஷின்கள் ஓடுகிற இரைச்சலில் உட்கார்ந்து அழுதார். யாரோ ஒருவர் அக்காவின் பெயரைக் கொடுத்திருக்கிறார். அந்தச் சேமியாவைத் தின்ற வாய்தான் கொடுத்திருக்க வேண்டும். அன்று பிடித்தது இந்தச் சந்தேகம். சில வருஷத்தில் புருஷனும் போய்ச் சேர்ந்தார். சந்தேகம் மட்டும் கூடவே இருந்தது.

யார் என்று கண்டுபிடிக்க அக்கா செய்யாத வேலை இல்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு பொய்யைச் சொல்லி, எந்தப் பொய் திரும்பி வருகிறது என்று காத்திருந்தார். ஒருவரிடம் மோட்டலை விற்கப் போகிறேன் என்றார். இன்னொருவரிடம் மறு கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறேன் என்றார். ஒரே வாரத்தில் அத்தனை பொய்யும் திரும்பி வந்துவிட்டன, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெயரோடு. உலை வாயை மூடலாம், நம் ஆட்கள் வாயை மூட முடியுமா? ஒற்றன் சொன்னது எது, வம்பில் வந்தது எது என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

கடைசியில் சந்தேகம் அந்தக் கூட்டத்தில் ஒருவரான லிம் பூதெக் மேல் போய் நின்றது. லிம் அண்ணன் ரசாயனக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் செய்த ஒரே குற்றம், அக்காவுக்கு அனுமதி மறுத்த அதே வருஷம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்தது. அந்தக் காலத்து நம்மவர்களுக்கு அது போதும். போக முடியாதவன் நல்லவன், போய் வந்தவன் ஆகாதவன். வரும்போது வீட்டுக்கு வீடு காயவைத்த மீன்முட்டைக் கட்டி வாங்கி வந்தார். அக்கா தன் பங்கைப் பூனைக்குப் போட்டார். "பூனைகூட முகர்ந்து பாத்துட்டுப் போயிடுச்சு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார், சாட்சி சொல்கிற மாதிரி. ஆனால் நேரில் ஒருநாளும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. புத்தாண்டுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நாற்பது வருஷத்தை ஓட்டிவிட்டார்கள்.

போன கோடையில் தைவான் அதிபர் வேறு நாட்டுக்குப் போகும் வழியில் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குவதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு தாய்நாட்டைத் தாங்கியவர்களுக்கு நேரில் நன்றி சொல்ல ஒரு விருந்தாம். அக்காவுக்கும் அழைப்பு வந்தது, தொலைபேசியில்.

"என் நம்பர் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

"மோட்டல் வாசல்லயே பெருசா எழுதிப் போட்டிருக்கீங்களே அக்கா."

"அது மோட்டல் நம்பர். என் பேரு எப்படித் தெரியும்?"

"நீங்க அந்தக் காலத்துல உழைச்சது இங்க நம்ம தைவான் சங்கத்துல எல்லாருக்கும் தெரியும். அவங்கதான் சொல்லியிருப்பாங்க."

"அப்பவும் எவனோ ஒருத்தன்தான் என் பேரைச் சொன்னான்" என்றார்.

விருந்து எந்த ஓட்டலில் என்று அன்று மத்தியானம்வரை சொல்லவில்லை. பாதுகாப்பு ஏற்பாடு. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், அக்காவுக்கு மட்டும் அது பிடித்திருந்தது. "இப்பத்தான் கொஞ்சம் விவரமா நடந்துக்கறாங்க" என்றார். என் வேனில்தான் கூட்டிப் போனேன், துணையாக எனக்கும் ஒரு இடம் கிடைத்தது. பட்டு மேற்சட்டை போட்டிருந்தார். பாதி வழியில் தன் எண்ணத்தைச் சொன்னார்.

"அதிபர் மேசை மேசையா வருவாங்களாம். கையைப் பிடிச்சு நன்றி சொல்வாங்களாம். நான் கையை விடப் போறதில்ல."

"விடாம?"

"பழைய ரகசியமெல்லாம் இப்ப அவங்ககிட்டதானே இருக்கு? யாரு என்னைக் காட்டிக்கொடுத்ததுன்னு கேக்கப் போறேன். நன்றி எனக்கு வேண்டாம். பேரு வேணும்."

அதிபரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி விடமாட்டேன் என்றால் காவலர்கள் முதலில் பக்கத்தில் இருப்பவனைத்தான் பிடிப்பார்கள். பக்கத்தில் இருக்கப் போகிறவன் நான்.

ஓட்டல் வாசலில் சீனாவை ஆதரிக்கிற எதிர்க்கோஷ்டி சிவப்புக் கொடியோடு கத்திக்கொண்டிருந்தது. கைப்பையைத் திறந்து காட்டச் சொன்ன பெண்ணிடம் அக்கா முதலில் அவளுடைய அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். உள்ளே போனால் எங்கள் மேசையில் லிம் அண்ணனும் பல் டாக்டர் சுவாவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் உயிரோடு மிச்சம் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். பழைய ஆட்களை ஒன்றாகச் சேர்த்துவைப்பது மரியாதை என்று ஏற்பாட்டாளர்கள் நினைத்திருக்கிறார்கள். கீரியையும் பாம்பையும் சேர்த்துவைத்துவிட்டோம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கோழி வந்தது. அதில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. "நம்ம ஊர் அதிபருக்கு அமெரிக்கக்காரன் கோழி. ஒரு தட்டு சேமியா வதக்கத் துப்பில்லையா?" என்றார் டாக்டர் சுவா. லிம் அண்ணன் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. லிம் அண்ணன் தண்ணீர் குடிப்பதைக்கூடக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அதிபர் பேசினார். நீங்கள் வெளியே இருந்துகொண்டு வீட்டைக் காத்தீர்கள், உங்களுக்கு வீட்டுக் கதவு அடைபட்டிருந்தபோதும் வாசலை விட்டு நகரவில்லை என்றார். நல்ல பேச்சு. பக்கத்து மேசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதையும் காக்காத நான்கூடக் கை தட்டினேன். "எவனோ எழுதிக் குடுத்திருக்கான்" என்றார் அக்கா.

பேச்சு முடிந்து அதிபர் மேடையை விட்டு இறங்கி முதல் மேசைக்குப் போனார். நாங்கள் ஐந்தாவது. அக்கா மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"பூதெக், அதிபர் இங்க வந்ததும் நான் ஒண்ணு கேக்கப் போறேன். யாரு என் பேரைக் குடுத்ததுன்னு. உனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

லிம் அண்ணன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "என்னை ஏன் அக்கா கேக்கறீங்க?"

"நீதானே அந்த வருஷம் ஊருக்குப் போன?"

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் கோழியைப் பார்த்தார். பிறகு லிம் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "என் மாமனார் ஆளுங்கட்சிக்காரர், அக்கா. அவரு தலையிட்டுத்தான் என்னை விட்டாங்க. அதைச் சொல்ல எனக்குக் கேவலமா இருந்தது. அதனால நீங்க என்னைன்னு நினைச்சீங்களா?"

"வேற யாரை நினைப்பேன்?"

"நாங்க உங்களைன்னு நினைச்சோம்."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. எனக்கும்தான்.

"நாங்க உள்ள சாப்பிட்டுட்டிருப்போம். நீங்க டார்ச்சை எடுத்துக்கிட்டு வெளிய போவீங்க. ஜன்னல் வழியாப் பாப்போம். ஒவ்வொரு காரா குனிஞ்சு நம்பரைப் பாத்துட்டு, உதட்டை அசைச்சு மனப்பாடம் பண்ணிட்டு வருவீங்க. எங்க காரெல்லாம் அங்கதான் நின்னுச்சு."

"டேய், அது மோட்டல் வேலைடா" என்றார் அக்கா. "ரெண்டு பேருன்னு சொல்லிட்டு ஆறு பேர் வந்து படுப்பான். வெளியாள் கார் எதுன்னு பாக்க வேண்டாமா? அதோட, நீங்க பேசறதை எவனாவது காருக்குள்ள உக்காந்து ஒட்டுக் கேட்டா? உங்களுக்காகத்தானே அந்தக் குளிர்ல சுத்திச் சுத்தி வந்தேன்?"

நான் அந்தச் சுற்றைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் இருட்டினால் டார்ச்சோடு கிளம்பிவிடுவார். என் வேன் நம்பரை என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

லிம் அண்ணன் தலை நிமிரவில்லை. டாக்டர் சுவாதான் மீதியைச் சொன்னார். "நிஜக் கூட்டம் வியாழக்கிழமை நடந்துச்சு, அக்கா. என் கிளினிக்ல, பேஷண்டெல்லாம் போனப்புறம். உங்க வீட்ல வெளிய தெரிஞ்சாலும் பரவாயில்லைங்கறதைத்தான் பேசுவோம். சில சமயம் வேணும்னே தப்பாச் சொல்லுவோம்."

"எத்தனை நாள்?"

"கடைசிவரைக்கும்."

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அவர் புருஷன் சாகும்போது, நாட்டுக்காக நம் வீட்டைக் கொடுத்தோமே, அது போதும் என்று சொல்லிவிட்டுத்தான் செத்தாராம். வெறும் சேமியாவைத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அதிபர் அப்போது மூன்றாவது மேசையில் இருந்தார்.

"பட்டியல்ல என் பேரும் ஏறுச்சே" என்றார் அக்கா. குரல் சின்னதாகிவிட்டது. "எங்கம்மா செத்தாங்களே. என்னை விடலையே."

"அதையும் நாடகம்னு நினைச்சோம்" என்றார் டாக்டர். "நாங்க சந்தேகப்படக் கூடாதுன்னு அவங்களே உங்களைத் தடுக்கற மாதிரித் தடுக்கறாங்கன்னு."

"துணி துவைக்கற ரூம்ல அழுதேன். நீங்க ரெண்டு பேரும் கதவுகிட்ட நின்னீங்க. துக்கம் கேக்க வந்தீங்கன்னுல்ல நினைச்சேன்."

டாக்டர் கோழித் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"நிஜமா அழறேனான்னு பாத்தீங்களா?"

"ஆமாக்கா" என்றார் லிம் அண்ணன்.

வழக்கமாக நான் யாருக்காகவும் சண்டைக்குப் போகிறவன் இல்லை. அன்று அந்த இரண்டு கிழவர்களையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. அக்கா மட்டும் என்ன, நாற்பது வருஷம் இன்னொருவரைக் குற்றவாளியாக்கி மனசுக்குள் வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்கலாம். ஆனால் அம்மாவுக்காக அழுதவர் அவர்தான்.

அதற்குள் அதிபர் வந்துவிட்டார். உதவியாளர் குனிந்து காதில் ஏதோ சொன்னார். அதிபரின் முகம் மலர்ந்தது. நேராக அக்காவிடம் வந்து, அவருடைய கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்க மோட்டல்லதான் சனிக்கிழமைக் கூட்டம் நடந்ததாமே. ஊருக்கு வர முடியாம ரொம்பக் கஷ்டப்பட்டிருக்கீங்க. நாடு உங்களுக்குக் கடன்பட்டிருக்கு. நன்றி."

நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். கையை விடமாட்டேன் என்று சொன்னவர் விடத்தான் இல்லை. ஆனால் பெயரைக் கேட்கவில்லை. வேனில் சொல்லிக்கொண்டு வந்த கேள்வியை அவர் மறந்தே போனார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார் அதிபரிடம். "இந்த மேசைக்குத்தான் கேக்காது. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அதிபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயசானவர்கள், காது மந்தம் என்று நினைத்திருக்க வேண்டும். லிம் அண்ணன் பக்கமும் டாக்டர் பக்கமும் திரும்பி, குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இவருக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. இவருக்கு நன்றி. சுற்றியிருந்த மேசைகளில் கை தட்டினார்கள். அக்கா கையை விட்டார், அதிபர் அடுத்த மேசைக்குப் போனார்.

"கேட்டுச்சா?" என்றார் அக்கா.

லிம் அண்ணன் எழுந்து நின்றார். மேசையைச் சுற்றி வந்து அக்காவின் முன்னால் தலை குனிந்தார். "கேட்டுச்சு, அக்கா. நாங்க உங்களை எப்பவோ நம்ப ஆரம்பிச்சுட்டோம். சொல்லத்தான் முடியலை. மன்னிச்சிருங்க." அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

பெக்ஹா அக்கா கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். லிம் அண்ணனின் முகத்தை, அந்தக் கண்ணீரை, வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"நிஜமா அழறியான்னு தெரியலையே, பூதெக்" என்றார்.