அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க?

வேலை தேடும் தொழிலில் மேலதிகாரி கிடையாது, விடுமுறை கிடையாது, கேள்விக்கு மட்டும் பஞ்சம் கிடையாது. அதிலும் ஒரு கேள்வி எந்த அலுவலகத்துக்குள் போனாலும் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்க? இதைப் படித்ததும் உங்களுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றினால், நீங்களும் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தவர்தான்.

ஒரு நாளிதழின் புதுச்சேரிப் பதிப்பில் பதினெட்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். நிருபர்கள் அனுப்பும் செய்தியை வெட்டித் தலைப்புப் போட்டுப் பக்கத்தில் ஏற்றுகிற வேலை. ஏப்ரலில் அந்தப் பதிப்பை மூடிவிட்டார்கள். இனிமேல் எங்கள் ஊர்ப் பக்கங்களைச் சென்னையிலேயே தயாரித்துவிடுவார்களாம். விருப்பமிருந்தால் அங்கே வரலாம், மே மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்றார்கள். என் கணவர் வேலை பார்த்த மில்லை மூடிப் பல வருடம் ஆகிறது, ஊருக்குள் உப்பளம் பகுதியில் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். நான் சென்னைக்குப் போனால் என் வீட்டுக்கு நான் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. அதற்குள் ஊரிலேயே ஒரு வேலை பிடிக்க வேண்டும். அந்த மே மாதத்தில் நடந்தவை இவை.

கனவு இல்லாத குற்றம்

முதலில் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை. ஊழியர்களுக்கான மாத இதழையும் அறிவிப்புகளையும் தமிழில் எழுத ஆள் கேட்டிருந்தார்கள். மனிதவளப் பிரிவில் இருந்த இளைஞர் என் பதினெட்டு வருடத்தை டீ ஆறுவதற்குள் புரட்டி முடித்துவிட்டுக் கேள்வியைப் போட்டார். இதே ஊரில், இதே மாதிரி வேலையில் இருப்பேன் என்றேன். அது பதிலே இல்லையாம். அதில் வளர்ச்சி தெரியவில்லையாம். பத்திரிகைக்காரிக்கு எதிர்காலம் என்பது நாளைக் காலைப் பேப்பர் வரைக்கும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் கண்ணாடி வழியாக கேட் தெரிந்தது. ஷிஃப்ட் முடிந்து போகிற ஒப்பந்தத் தொழிலாளர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களிடம் யாரும் லட்சியம் கேட்கவில்லை, பையைத்தான் திறந்து காட்டச் சொன்னார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கவனித்தார். ஃபைலை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, நிஜமான இரக்கத்தோடு கேட்டார்: "ஒரு ட்ரீம்கூட இல்லாம காலையில எப்படி மேடம் எழுந்துக்கறீங்க?"

பாரிஸ் போகிற முகம்

அடுத்தது நகரத்துக்குள்ளேயே ஒரு தனியார் பள்ளி. கடிதங்கள், ஆண்டு மலர், பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்புகள் எல்லாம் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். இது எனக்குத்தான் என்று நினைத்தேன். தாளாளர் என் விண்ணப்பத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் விரலை வைத்தார். 'பிரெஞ்சு, படிக்க மட்டும்' என்று எழுதியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்ததில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சம் அது. வீட்டில் யாருக்காவது நேஷனாலிட்டி உண்டா என்றார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் நேஷனாலிட்டி என்றால் பிரெஞ்சுக் குடியுரிமை ஒன்றுதான். மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது இருப்பதாக நாங்கள் நினைப்பதில்லை.

எங்கள் பக்கம் எல்லாரும் மில்லுக்கும் வயலுக்கும் போனவர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவர்கூடக் கிடையாது, எங்களிடம் இருப்பது ரேஷன் கார்டுதான் என்றேன். அவர் நம்பவில்லை. அவரிடம் வேலை பார்த்த இரண்டு பேர் கல்யாணம் செய்துகொண்டு பிரான்சுக்குப் போய்விட்டார்களாம். எனக்குக் கல்யாணமாகி மகள் பத்தாவது படிக்கிறாள் என்றதும் அவருடைய சந்தேகம் இன்னும் வலுத்தது. மகளுக்கு அங்கே மாப்பிள்ளை பார்த்துவிட்டு நானும் பின்னாலேயே கிளம்பிவிடுவேனாம். யாரோ விமானம் ஏறியதற்கு நான் பஸ் ஏறினேன். அவர் கடைசியாகச் சொன்னது: "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பீங்கன்னு நான் கேக்கவே வேணாம்மா. ஒருநாள் லீவு லெட்டர் வரும், மறுநாள் பாரிஸ்லேருந்து போட்டோ வரும்."

சொல்லிக்கொடுத்த பதில்

உண்மைக்கு மதிப்பில்லை என்று தெரிந்ததும் யூடியூபைத் திறந்தேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தரவே ஒரு கூட்டம் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் ஒருவர், கேட்கிறவரின் கண்ணைப் பார்த்து 'அஞ்சு வருஷம் கழிச்சு உங்க நாற்காலியில இருப்பேன்' என்று சொன்னால் அசந்துபோவார்கள் என்றார். மகளும் நானும் அடுப்படியில் ஒத்திகை பார்த்தோம். அவள்தான் மேனேஜர்.

கடற்கரையை ஒட்டிய ஒரு ஓட்டலில் விருந்தினர் தொடர்பு வேலைக்கு அதைப் பிரயோகித்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த மேலாளர் அதுவரை சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் கண்ணைப் பார்த்துச் சொன்னதும் நிமிர்ந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முதலாளியை எனக்குத் தெரியுமா, யார் மூலமாக வந்தேன், எப்போதிருந்து இந்தப் பேச்சு நடக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். யூடியூப் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனிதரின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு வேலையும் இல்லாமல் எழுந்தேன். வாசல்வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உண்மையைச் சொல்லுங்க மேடம், என்னைத் தூக்கப் போறாங்களா?"

வைத்திக்குப்பத்து தீபா

நேரு வீதியில் ஒரு நகைக்கடை. எனக்கு விளம்பரம் எழுதும் வேலை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கணக்கெழுதும் வேலை. பெயர் தீபா, பி.காம்., வீடு வைத்திக்குப்பம், அப்பா கடலுக்குப் போகிறவர். காலையிலிருந்து பிற்பகல்வரை உட்கார வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, அது வாடிக்கையாளர்களுக்கு என்றார் காவலாளி. தீபா தன் பாட்டிலை என்னிடம் நீட்டினாள்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். முகம் சிவந்திருந்தது. உள்ளே இருந்த முதலாளி கூட்டல் கழித்தல் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், நேராக அந்தக் கேள்விதானாம். தெரியாது சார் என்றாளாம். இதுகூடத் தெரியாதா என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தாராம். நீ ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். அந்த ஆளை எப்படிப் பார்த்திருப்பாளோ அப்படியே என்னையும் பார்த்தாள். "கடலுக்குப் போற மனுசன எப்ப வருவன்னு நாங்க கேக்கவே மாட்டோம்க்கா, கேட்டா ஆவாது. இந்தாளு அஞ்சு வருஷத்துக்குக் கேக்கறான்."

இந்த வேலை எங்கே இருக்கும்?

மே கடைசி வாரம். சென்னையிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. மகள் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். ஊருக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவமனை, நோயாளிகளுக்கான கையேடுகளைத் தமிழில் எழுதும் வேலை. எதிரே ஒரு வயதான டாக்டர், கணக்குப் பிரிவு அதிகாரி, மனிதவளப் பிரிவு அம்மாள். சர்க்கரை நோய் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். டாக்டர் வாங்கிப் படித்துவிட்டு, இது போதும் என்றார். அந்த அம்மாளுக்குப் போதவில்லை. கேள்வி வந்தது.

அன்றைக்கு என்னிடம் பொறுமை தீர்ந்திருந்தது. இதே ஊரில், இதே வேலையில், ராத்திரி என் வீட்டில் சாப்பிடும்படி இருக்க வேண்டும், என் லட்சியம் அவ்வளவுதான், அதைச் சின்னது என்று சொல்கிறவர்கள் யாரும் அதை எனக்குக் கொடுக்கவும் இல்லை என்றேன். குரல் ஏறிவிட்டது, இறக்கவும் மனமில்லை. "பதினெட்டு வருஷம் ஒரே எடத்துலதான் இருந்தேன் மேடம். எழுந்து போனது நான் இல்ல, ஆபீஸ்தான். அஞ்சு வருஷம் கழிச்சு இந்த வேலை எங்க இருக்கும்? அத நீங்க சொல்லுங்க." கணக்கு அதிகாரி மேசையைப் பார்த்தார். டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, நாளைக்கு வந்து ஆர்டரை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அன்று மாலையே சென்னைக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பெட்டி பரணுக்கு ஏறியது. மறுநாள் ஆர்டரைக் கையில் வாங்கிப் படித்தால், பதினோரு மாத ஒப்பந்தம். பன்னிரண்டாவது மாதம் தொடர்ந்து வேலை பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவோம் என்று எங்கும் நடக்கிற ஏற்பாடுதான். ஆனால் நான் மறுத்த இடம் இனி எனக்காகக் காத்திருக்காது. பேனாவைத் திறந்தபடி நான் நிற்பதைப் பார்த்து, அந்த அம்மாள் அன்பாகவே சொன்னார்: "பயப்படாதீங்க மேடம். பதினோரு மாசம் முடிஞ்சதும் நாலு நாள் பிரேக், அப்புறம் திரும்ப அப்ளை பண்ணி இன்டர்வியூவுக்கு வாங்க, கேள்வியெல்லாம் இதேதான்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன் நண்பர்களே, நமக்கு ஐந்து வருடத்துக்குக் கனவு இருந்தே ஆக வேண்டும், நம்மை வேலைக்கு வைக்கிறவர்களுக்குப் பதினோரு மாதத்துக்கு இருந்தால் போதும்.