உப்பு சுமந்த கழுதையாக நான் விழுந்த கதை

கழுதையாக நடிக்க எனக்கு ஒப்பனையே தேவையில்லை என்பாள் என் மனைவி. முத்தையாபுரத்துப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு நீதிக்கதை சொல்லும்போது நரி, காக்கா, முதலை எல்லாமே நான்தான். போன வருஷம் உப்பு மூட்டை சுமந்த கழுதையின் முறை வந்தது. ஓடையில் தெரியாமல் விழுகிறது, உப்பு கரைந்து சுமை குறைகிறது. மறுநாளிலிருந்து வேண்டுமென்றே விழுகிறது. வேலையில் ஏமாற்றக் கூடாது என்பது நீதி.

ஒரு பையனின் புத்தகப் பையை முதுகில் ஏற்றி, முனகிக்கொண்டே தொந்தியோடு தரையில் சரிந்தேன். முதலாளி பார்க்கிறாரா என்று ஒற்றைக் கண்ணால் நோட்டமும் விட்டேன். வகுப்பே உருண்டு சிரித்தது. இரண்டாம் பெஞ்சில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் என்னைவிட அவளைத்தான் அதிகம் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் நடிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து இன்னொரு தரம் விழுந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. நான் கதை சொன்னதற்கு முந்தின வாரம் உப்பளத்தில் தலைச்சுமையோடு வரப்பில் வழுக்கி விழுந்தாராம். பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, சாருக்குத்தான் தெரியவில்லை. கதை சொன்ன அன்று சாயங்காலம் வீடுவரை அவள் பின்னாலேயே கழுதை மாதிரி கத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"கழுத வேணும்னே விழுந்துச்சின்னு சொன்னியளாமே சார். யாரு பாத்தா?"

"கதையில அப்படித்தான்மா இருக்கு."

"எங்க கங்காணியும் அதத்தான் சொல்லுதாரு, நான் நடிக்கேனாம். அவரும் ஒங்ககிட்டதான் படிச்சாரோ என்னமோ."

எதற்கும் ஒரு நக்கல் பதில் வைத்திருக்கிற நான் அன்று என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன், அவர் உட்காரவில்லை.

"என்னைய விடுங்க சார். எம்மவ எனக்குச் சோத்த ஊட்டிவிட்டுக்கிட்டே கேக்கா, 'நெசமாவே வழுக்கித்தான் விழுந்தியாம்மா'ன்னு. அவளுக்கு என்ன சொல்ல?"

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மா வழுக்கித்தான் விழுந்தாங்க. சார்தான் ஒண்ணும் தெரியாம ஆடிட்டேன்," என்றேன்.

"இத கிளாஸ்ல சொல்லுவியளா?" என்றாள்.

மறுநாள் சொன்னேன், நேராக நின்று, எந்த மிருகமாகவும் இல்லாமல். நான் எப்போது விழுவேன் என்று பாதி வகுப்பு சிரிப்போடு காத்திருந்தது. சிரிப்பு அடங்கும்வரை மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.